ஜப்பானிய வாளின் முனை: சிறியதா, நடுத்தரமா, பெரியதா?

ஜப்பானிய வாள் ஒன்றை வாங்கவோ செய்யச் சொல்லவோ போகிறவர்கள் நீளம், வளைவு, எடை, விலை என்றுதான் யோசித்துக்கொண்டு போவார்கள். முனை எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி கடைசியில் வரும். பயிற்சி வாளுக்கான ஆர்டர் படிவத்தில் நடுத்தர முனை, பெரிய முனை என்று இரண்டு பெட்டிகள் இருந்தால், படத்தில் எது மிடுக்காகத் தெரிகிறதோ அதில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்த டிக் அநேகமாகப் பெரிய முனைக்குத்தான் விழும்.

முனையை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வாளில் மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. உறை உடைந்தால் வேறு உறை செய்யலாம். கைப்பிடிக் கயிறு நைந்தால் புதிதாகச் சுற்றலாம். நீளம் அதிகமாகிவிட்டால் கைப்பிடிக்குள் இருக்கும் வால்பக்கத்திலிருந்து குறைக்கலாம். ஜப்பானில் நூற்றாண்டுக்கணக்காக அப்படித்தான் குறைத்து வந்திருக்கிறார்கள். முனை மட்டும் போனால் போனதுதான். அங்கே தோய்ச்சல் ஏறிய எஃகு, அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கிய எஃகு, இருப்பதே சில மில்லிமீட்டர். அதைத் தாண்டித் தேய்ந்துவிட்டால் மறுபடி கொண்டுவர ஒரே வழி, வாள் முழுவதையும் காய்ச்சித் திரும்பத் தோய்ப்பது. அப்படி மறுதோய்ச்சல் போட்ட பழைய வாளைச் சேகரிப்பாளர்கள் அதிகம் சீண்டமாட்டார்கள்.

ஆகவே சிறிய முனையா பெரிய முனையா என்ற கேள்வியைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். அளவு கண்ணுக்கு முதலில் தெரிவது. ஆனால் முடிவு செய்ய வேண்டிய இடங்கள் வேறு இரண்டு இருக்கின்றன: முனையின் வளைவு, அதற்குள் இருக்கும் தோய்ச்சல்.

முனையின் உறுப்புகள்

வாளின் பக்கவாட்டில், வாய்க்கும் (வெட்டும் ஓரம்) முதுகுக்கும் நடுவே நீளவாக்கில் ஓடும் மேட்டுக்கோடு ஷினோகி. நுனியை நெருங்கும் இடத்தில் இதற்குக் குறுக்கே ஒரு கோடு வரும், அது யோகோதே. யோகோதேயிலிருந்து கூர் வரைக்கும் உள்ள பகுதிதான் கிஸ்ஸாகி, அதாவது நாம் இங்கே முனை என்று சொல்வது. ஷினோகி யோகோதேயைத் தொட்டதும் சற்றுத் திரும்பி, கோஷினோகி என்ற பெயரோடு கூரை நோக்கிப் போகும். இந்த மூன்று கோடுகளும் கூடும் புள்ளி மித்சுகாதோ. முனையின் வாய் வளைந்து ஏறுகிறதே, அந்த வளைவு ஃபுகுரா.

யோகோதே என்பது கீறிவிட்ட கோடு அல்ல. உடலின் சரிவும் முனையின் சரிவும் வேறு வேறு கோணத்தில் வந்து முட்டும் இடம் அது. விரல் வைக்காமல் (வைக்கவே கூடாது, துரு ஏறும்) விளக்கொளியில் வாளை மெல்லத் திருப்பினால் உடல் இருண்டிருக்கும்போது முனை பளிச்சிடும், முனை இருளும்போது உடல் பளிச்சிடும். மலிவான தயாரிப்புகளில் இந்தக் கோணமாற்றமே இருக்காது. ஒரே சரிவை நுனிவரை இழுத்துவிட்டு, முனைப் பகுதியை மட்டும் குறுக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பார்வைக்குக் கோடு வரவைத்திருப்பார்கள். அந்த வாளில் ஒளி இரண்டு பக்கமும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். இணையத்தில் 'உயர்தரம்' என்று விற்கிற பலவற்றை இந்த ஒரு சோதனையிலேயே ஒதுக்கிவிடலாம். விற்பவர் நேர்ப்படம் மட்டும் போட்டிருந்தால், வாளைத் திருப்பும் வீடியோ கேளுங்கள்.

அப்புறம் உள்ளே இருப்பது. தோய்ப்பதற்கு முன் வாளின் மேல் மண் பூசுவார்கள். முதுகுப்பக்கம் கனமாக, வாய்ப்பக்கம் மெல்லிசாக. காய்ச்சித் தண்ணீரில் இறக்கும்போது வாய் சட்டென்று குளிர்ந்து இறுகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாக நிற்கும். இரண்டும் பிரியும் எல்லைக்கு ஹாமோன் என்று பெயர். அந்த எல்லை யோகோதேயைத் தாண்டி முனைக்குள் போனால் அதுவே போஷி. போஷி கூர் வரை போய், பெரும்பாலும் முதுகுப்பக்கம் திரும்பிக் கொஞ்சதூரம் இறங்கும். அந்தத் திருப்பம் கயேரி.

கொல்லர் முனையை எடுக்கும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். நீட்டி அடித்த இரும்பின் நுனியைச் சாய்வாக வெட்டுவார். வெட்டு முதுகுப்பக்கம் விழும். அதனால் முதலில் நுனி வாய்ப்பக்கம் துருத்திக்கொண்டு, வாளுக்கு நேர் எதிராகத் தெரியும். பிறகு அதை முதுகுப்பக்கமாகத் தட்டித் தட்டி வளைத்துத்தான் ஃபுகுராவைக் கொண்டுவருவார். நேராகவே முனை வடிவத்துக்கு வெட்டிவிடலாமே என்று தோன்றும். அப்படி வெட்டினால் வாயில் இருக்க வேண்டிய கடின எஃகின் அடுக்குகள் அறுபட்டுப்போகும். தட்டி வளைத்தால் அடுக்குகளும் வளைவோடு சேர்ந்தே ஓடும். இயந்திரத்தில் அரைத்தெடுத்த முனைக்கும் கொல்லர் அடித்தெடுத்த முனைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இது எளிதில் தெரியாது.

அளவுகள்

இத்தனை சென்டிமீட்டர் வரை சிறியது, அதற்கு மேல் பெரியது என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. முனையின் நீளத்தை யோகோதே இருக்கும் இடத்தில் உள்ள அகலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழக்கம். நீளமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சிறிய பக்கம். ஒன்றரை மடங்கு, அதற்குக் கொஞ்சம் மேலே என்றால் நடுத்தரம். இரண்டு மடங்கைத் தாண்டிப் போனால் பெரியது. சாதாரண கதானா (இடுப்பில் செருகும் நீள்வாள்) ஒன்றில் அடியில் 3 செ.மீ., யோகோதே அருகே 2 செ.மீ. அகலம் இருக்கும், முனை 3 முதல் 4 செ.மீ. வரும். அது நடுத்தரம்.

சிறிய முனையான கோகிஸ்ஸாகி ஹெய்யான் காலத்திலிருந்து (794–1185) காமகுரா காலத்தின் (1185–1333) தொடக்கம் வரையிலான வாள்களின் அடையாளம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மிகாசுகி முனேசிகா இந்த வகைக்குப் பேர்போனது. சுமார் 80 செ.மீ. நீளம், 2.7 செ.மீ. வளைவு, அடியில் அகலமாகத் தொடங்கி மேலே போகப்போக ஒடுங்கி, யோகோதேயை எட்டும்போது ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. குதிரை மேலிருந்து வீசுகிற வாள் அது. நுனியில் எடை குறைவு என்பதால் கைக்கு லேசாக இருக்கும். குறை என்னவென்றால், முனையில் இரும்பே கொஞ்சம்தான். ஒரு பொக்கை விழுந்தால் சரிசெய்யத் தேய்ப்பதற்கு இடமில்லை. எட்டு நூற்றாண்டு சாணை கண்ட வாளில் போஷி முழுசாக நிற்கிறது என்றால் அது அதிர்ஷ்டம்தான். அதனால்தான் இந்தக் காலத்து அசல் வாள்கள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களிலும் பெரும் சேகரிப்புகளிலும் இருக்கின்றன. நம் கைக்கு வருவது அரிது.

காமகுராவின் நடுப்பகுதியில் வாள் அகலமானது, கனமானது. முனை மட்டும் குட்டையாகவே நின்றது. அகலத்தைவிட நீளம் அதிகமில்லாத அந்தக் கட்டைக்குட்டை முனைக்கு இகுபி, காட்டுப்பன்றிக் கழுத்து, என்று பெயர். பிசென் பகுதியின் ஃபுகுஓகா இச்சிமோன்ஜி கொல்லர்களின் வேலைகளில் இதைப் பார்க்கலாம். 16ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர் உஏசுகி கென்ஷின் வைத்திருந்த சான்சோமோ அந்தக் குழுவின் வாள். 2020இல் ஓகாயாமா மாநிலத்தின் செதோஉச்சி நகராட்சி 50 கோடி யென் கொடுத்து அதை வாங்கியது. இகுபியைப் பார்த்தால் பலம் தெரியும், ஆனால் ஒரு பலவீனமும் உண்டு. அந்தக் காலத்து வாள்களில் உடல் நெடுக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். முனை குட்டை என்பதால் பள்ளத்தின் தலை முனைக்கு மிக அருகில் வந்து நிற்கும். நுனி உடைந்து, முனையைக் கீழே இறக்கி மறுபடி வடிவமைக்க வேண்டி வந்தால் பள்ளம் முனைக்குள்ளேயே ஏறிவிடும். 1274, 1281 ஆண்டுகளில் மங்கோலியப் படைகள் கியூஷூவில் இறங்கியபோது இந்தக் குறை வெளிப்பட்டது, அதனால்தான் முனை நீண்டது என்று பரவலாகச் சொல்வார்கள். அந்தப் போர்களுக்கு ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் வடிவங்கள் பத்து இருபது ஆண்டுகளாக மெல்ல மெல்ல மாறியதை வாள்களிலேயே பார்க்கும்போது, எல்லாவற்றையும் ஒரே சண்டையின் கணக்கில் எழுதுவதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை.

நடுத்தரமான சூகிஸ்ஸாகியைப் பற்றிச் சொல்லக் குறைவாகவே இருக்கிறது, அதுவே அதன் பெருமை. காமகுராவின் கடைசியில் நிலைபெற்று, முரோமாச்சி காலத்தைக் கடந்து, எடோ காலத்திலும் (1603–1868) தொடர்ந்து, இன்றைக்கும் பெரும்பான்மை வாள்களில் இருப்பது இதுதான். குத்தவும் வெட்டவும் சரிசமமாக உதவும். பொக்கை விழுந்தால் ஓரிரு முறை சரிசெய்ய இரும்பு உண்டு. கான்புன் ஆண்டுகளில், அதாவது 1661 முதல் 1673 வரை, எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) கோதெத்சு, ஒசாகாவில் சுகேஹிரோ போன்ற கொல்லர்கள் வேலை செய்த காலத்தில், இதுவே கொஞ்சம் சுருங்கி, வளைவு குறைந்த ஒடுங்கிய உடலோடு வந்தது. ஒரே 'நடுத்தரம்' என்ற பெயருக்குள் இப்படிக் காலத்துக்குக் காலம் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு.

பெரிய முனை: கவர்ச்சியும் கணக்கும்

இனி ஓகிஸ்ஸாகி. இதற்குத்தான் டிக் அதிகம் விழுகிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1336 முதல் 1392 வரை ஜப்பானில் இரண்டு அரசவைகள் இருந்து மோதிக்கொண்ட நான்போகுச்சோ காலத்தில் வாள்கள் பெருத்தன. 90 செ.மீ.யைத் தாண்டிய நீளம், அடியிலிருந்து நுனிவரை அதிகம் ஒடுங்காத அகலம், ஆனால் மெல்லிய தடிமன். இந்த உடலுக்கு ஏற்ற முனைதான் ஓகிஸ்ஸாகி. பிசென் பகுதியின் ஓசாஃபுனேயைச் சேர்ந்த கொல்லர்கள் சோகி, கானேமித்சு ஆகியோரின் வேலைகள் இதற்குச் சாட்சி. பின்னாளில் காலாட்படை பெருகி இடுப்பில் செருகும் வாள் வழக்கமானபோது இந்த நெடிய வாள்களை வால்பக்கம் வெட்டி 70 செ.மீ. அளவுக்குக் குறைத்தார்கள். பல வாள்களில் கொல்லர் பெயர் பொறித்த பகுதியும் அதோடு போனது. முனையை யாரும் தொடவில்லை. இதன் விளைவாக ஒரு விசித்திர விகிதம் பிறந்தது: கதானா நீளம், ஆனால் நெடுவாளின் முனை.

இந்த விகிதத்தையே அழகாகக் கொண்டு காப்பியடித்தார்கள். 1590இல் ஹோரிகாவா குனிஹிரோ என்ற கொல்லர், அப்படிக் குறைக்கப்பட்ட சோகி வாள் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் போலவே செய்தார். இன்று யாமன்பாகிரி குனிஹிரோ என்று அறியப்படும் வாள் அது. மூல வாள் நாகோயாவில் தோகுகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடோவின் கடைசிக்காலத்திலும் இதே அலை மறுபடி வந்தது. தாய்கே நாஓதானே, 1854இல் இறந்த கியோமாரோ ஆகியோர் நான்போகுச்சோ வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள்.

ஆக, பெரிய முனை தனியே வந்த அலங்காரம் இல்லை. அகலமான, ஒடுங்காத உடலின் தொடர்ச்சி அது. ஒடுங்கிய உடலில் கொண்டுபோய் ஓகிஸ்ஸாகியை வைத்தால் கண்ணுக்கே உறுத்தும். ஆர்டர் படிவத்தில் வெறும் முனையை மட்டும் 'பெரியது' என்று மாற்றும் வசதி கொடுக்கும் இடங்களில் நான் தயங்கச் சொல்வது இதனால்தான். உடலின் அகலத்தையும் சேர்த்து மாற்றுகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் நடுத்தரத்திலேயே நில்லுங்கள்.

கையில் பிடித்தால் இன்னொன்று தெரியும். பெரிய முனை இருக்கும் வாளில் எடை முன்பக்கம் தள்ளி நிற்கும். வீசினால் வேகம் பிடிக்கும், நிறுத்துவதுதான் கஷ்டம். வாளை உறையிலிருந்து உருவி வீசிப் பழகும் கலையான இயாய்டோ பயிற்சியில் வாளை வீசுவதைவிட, குறித்த இடத்தில் நிறுத்துவதும், கண்ணால் பார்க்காமல் உறைக்குள் திருப்பிப் போடுவதும்தான் பெரிய வேலை. நுனி ஒடுங்கிய வாள் உறையின் வாயைக் கண்டுபிடித்து நுழைவது சுலபம். நுனிவரை அகலமாக இருக்கும் வாளில் உறைவாயைப் பிடித்திருக்கும் இடதுகை விரல்கள் மேல் கவனம் இன்னும் அதிகம் வேண்டும்.

பாய்ச்சுருள் வெட்டிப் பழகுகிறவர்கள் 'பெரிய முனை நன்றாக வெட்டும்' என்று சொல்வார்கள். வெட்டுவது முனை இல்லை. யோகோதேக்குக் கீழே இருக்கும் மோனோஉச்சி என்ற பகுதிதான் வெட்டுகிறது. அகலமான, மெல்லிய உடல் ஈரப் பாயைச் சுலபமாகப் பிளக்கும் என்பது உண்மை. அந்த உடலோடு சேர்ந்து வருவதால் பெருமை முனைக்குப் போகிறது. தூரம் தப்பி, நுனி மட்டும் பாயில் மாட்டிக்கொண்டால் நீளமான மெல்லிய முனைதான் முதலில் வளையும்.

பெரிய முனைக்கு ஒரு நிஜமான அனுகூலமும் உண்டு. பொக்கை விழுந்தால் தேய்த்துச் சரிசெய்ய இரும்பு நிறைய இருக்கிறது.

ஓரமாக நிற்கும் வகைகள்

கமாசு என்பது சீலா மீன். அந்த மீனின் தலையைப் போல வளைவே இல்லாமல் நேராகச் சாய்ந்து போகும் முனைக்கு அந்தப் பெயர். மிகப் பழைய வாள்களில் காணப்படுவது. புதிதாக ஒருவர் வாங்கும் தேர்வுப் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஜப்பான் அரச குடும்பச் சேகரிப்பில் உள்ள கோகாராசுமாரு இன்னும் தனி: நுனியிலிருந்து பாதிக்கு மேல் இருபக்கமும் வாய் உள்ள வாள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு இன்றைய கொல்லரிடம் செய்யச் சொல்கிறவர்கள் உண்டு. காட்சிக்குச் சரி, பயிற்சிக்கு ஆகாது.

யோகோதேயே இல்லாத வடிவங்களும் இருக்கின்றன. ஷோபு-சுகுரி என்பதில் ஷினோகி நேராகக் கூர்வரை ஓடிவிடும்; குறுக்குக்கோடு கிடையாது. சிறுவாள் வாங்குகிறவர்களுக்கு இது நல்ல தேர்வு. சாணையும் கொஞ்சம் சுலபம். குத்துவாள்கள் பெரும்பாலும் தட்டையான பக்கங்கள் கொண்டவை, அவற்றிலும் யோகோதே இருக்காது. சந்தையில் 'டான்டோ முனை' என்ற பெயரில் உளி போல இரண்டு நேர்க்கோடுகளாக வெட்டிய நுனியோடு கத்திகள் வருகின்றனவே, அது 1980களில் அமெரிக்காவில் பரவிய வடிவம். ஜப்பானியக் குத்துவாளோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அளவை விட முக்கியமானது வளைவு

ஒரே நீளமுள்ள இரண்டு நடுத்தர முனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஃபுகுரா வயிறு தள்ளியிருக்கும். இன்னொன்றில் அது நேர்க்கோட்டை நெருங்கியிருக்கும். முதலாவதில் கூருக்குப் பின்னால் நிறைய எஃகு இருக்கிறது. கடினமான பொருளில் பட்டாலும் தாங்கும். இரண்டாவது குத்தினால் ஆழமாக இறங்கும், கண்ணுக்கும் கூர்மையாகத் தெரியும், ஆனால் நுனி எளிதில் ஒடியும். கியோமாரோவின் வாள்களில் பெரிய முனையும் வளைவு வற்றிய ஃபுகுராவும் சேர்ந்து வரும். அந்த மிரட்டும் தோற்றத்துக்கு அந்தச் சேர்க்கைதான் காரணம். பழகுவதற்கு ஒரு வாள் என்றால் வயிறு தள்ளிய ஃபுகுராவையே எடுங்கள். நுனி தரையில் தட்டாத பயிற்சிக்காரர் யாரும் இல்லை.

பழைய வாளில் வளைவு வற்றியிருந்தால் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். கொல்லர் செய்தபோதே அப்படியா, அல்லது எப்போதோ உடைந்து, யாரோ தேய்த்துச் சரிசெய்ததில் வயிறு கரைந்துபோனதா? இதற்கு விடை போஷியில் இருக்கிறது.

போஷியைப் படிப்பது

போஷியின் வடிவங்களுக்கு நீண்ட பட்டியல் உண்டு. நேராக வந்து சின்னதாக வட்டமிட்டுத் திரும்பினால் கோமாரு. ஹிசென் பகுதிக் கொல்லர் தாதாயோஷி வழியினரின் கோமாரு ஃபுகுராவோடு ஒட்டி ஒரே இடைவெளியில் ஓடும், அத்தனை ஒழுங்கு. உடலில் இருக்கும் ஹாமோனின் அலை அப்படியே முனைக்குள்ளும் போனால் மிதாரேகோமி. யாமாதோ பகுதிக் கொல்லர் வழியில் திரும்பாமலேயே நேராகப் போய் முதுகில் முடியும் யாகிசுமே, துடைப்பம் பெருக்கியது போன்ற கோடுகள் தெரியும் ஹாகிகாகே. மினோ பகுதிக் கொல்லர் வழியில் ஜிசோ என்ற பௌத்தத் தெய்வச் சிலையின் தலையை ஒத்த ஜிசோ. முனை முழுவதுமே தோய்ச்சல் ஏறியிருந்தால் இச்சிமாய். கோ யோஷிஹிரோ என்ற கொல்லரின் பெயரோடு இது சேர்த்துப் பேசப்படும். ஓசாஃபுனேயின் நாகாமித்சு, காகேமித்சு, சானேநாகா மூவருக்கும் பொதுவான ஒரு போஷிக்கு சான்சாகு போஷி என்றே தனிப்பெயர். கொல்லர் பெயர் இல்லாத வாள் யாருடையது என்று சொல்ல நிபுணர்கள் முனையைப் பார்ப்பது இதற்காகத்தான்.

வாங்குகிறவருக்கு இதில் இரண்டு கேள்விகள் போதும். போஷி இருக்கிறதா? வாயிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது?

வாயை ஒட்டி ஓடும் போஷி அழகாகவே இருந்தாலும் இன்னும் சில சாணைக்குப் பிறகு காணாமல் போகும். தள்ளி, அகலமாக ஓடும் போஷிக்கு ஆயுள் அதிகம். இச்சிமாய் அந்தக் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேல், ஆனால் முனை முழுதும் இறுகியிருப்பதால் பலமான அடியில் உடையும் பயமும் கூடவே இருக்கிறது. கயேரி மிக நீளமாக முதுகில் இறங்கியிருந்தால் அந்தப் பகுதியும் இறுகிப்போயிருக்கும். அழகுக்கு நல்லது, அடிபடும் வாளுக்கு அவ்வளவு நல்லதல்ல. என்னைக் கேட்டால் தள்ளி ஓடும் கோமாரு, குறுகிய கயேரி.

போஷி வாயோரத்தில் முட்டி அறுந்துபோயிருந்தால், அல்லது முனையில் தோய்ச்சல் கோடே இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். ஒரு விதிவிலக்கு: நாகினாதாவை (நீளக் கம்பில் பொருத்திய வளைந்த அலகு) வெட்டி வாளாக்கியவற்றில் பின்பக்கம் சாய்ந்த நுனியைச் செதுக்கியிருப்பார்கள். அதனால் கயேரி இல்லாமலே இருக்கும். அங்கே அது குறை ஆகாது.

பார்க்கும் விதம் முக்கியம். முனை வெள்ளையாக, மங்கலாக, பட்டுத்துணி போலத் தெரியும். அந்த வெண்மை சாணைக்காரர் கொடுத்தது. அதைப் போஷி என்று எண்ணிவிடக் கூடாது. வாள் முழுவதையும் முடித்த பிறகு கடைசி வேலையாக நாருமே செய்வார்கள். மேல்பக்கம் கீற்றுக் கீற்றாக அறுத்து வைத்த ஒரு சிறு மரக்கட்டை. அழுத்தினால் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதன் மேல் மடித்த தாள், தாள் மேல் விரல்நகம் போல மெல்லிய கல். அதன் மேல் முனையை வைத்து, உடலைத் தேய்த்த திசைக்கு ஏறத்தாழக் குறுக்காகத் தேய்ப்பார்கள். திசை மாறுவதால்தான் முனை தனி நிறத்தில் நிற்கிறது. யோகோதே கோட்டை மூங்கில் பட்டை ஒன்றை அணைவைத்துக் கூர்மையாக்குவார்கள். கை ஒரு மயிரிழை சறுக்கினால் கோடு சாய்ந்துவிடும். சாய்ந்த யோகோதே எவ்வளவு நல்ல வாளையும் அரைகுறையாகக் காட்டும்.

இந்த வெண்மையைத் தாண்டிப் பார்க்க ஒரே ஒரு மஞ்சள் பல்பு போதும். கைப்பிடியை வலக்கையில் பிடித்து, மடித்த துணியால் உடலை இடக்கையில் தாங்கி, முனையைப் பல்புக்கு நேராக நீட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால், ஏதோ ஒரு கோணத்தில் வெள்ளைக்குள்ளிருந்து இன்னொரு கோடு எழுந்து வரும். பொடிப்பொடியாக மின்னும் அந்தக் கோடுதான் அசல் போஷி. அமிலம் தடவி வரைந்த போலியில் இது எழாது. பல மலிவு வாள்களில் உடலின் அலை யோகோதே வரை வந்து, உள்ளே நுழையாமலேயே நின்றுவிடும். இரண்டு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் போஷி இருந்து மறுபக்கம் இல்லையென்றால் முனை ஒருபக்கமாகத் தேய்க்கப்பட்டிருக்கலாம். வாயிலிருந்து குறுக்காக ஓடும் தலைமயிர் போன்ற விரிசல் ஹாகிரே; அது இருந்தால் பேச்சே இல்லை, வாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சரி, யாருக்கு எது?

இயாய்டோ பழகத் துவங்குகிறவருக்கு நடுத்தர முனை, வயிறு தள்ளிய ஃபுகுரா. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஜப்பானில் பயிற்சிக்குப் பரவலாக விற்கப்படும் வாள் துத்தநாக-அலுமினியக் கலவையில் வார்த்தது. அதற்குக் கூர் வைக்க முடியாது. தோய்ச்சல் இல்லாததால் போஷியும் கிடையாது, தெரிவது அலங்காரம். அங்கே பார்க்க வேண்டியது எடைச் சமநிலையும் முனையின் தடிமனும் மட்டும். சில ஆண்டு பழகி, ஆசிரியரும் சம்மதித்தால் ஓகிஸ்ஸாகிக்குப் போகலாம்.

பாய் வெட்டுகிறவர் அகலமான உடலைத் தேர்வு செய்தால் முனையும் கொஞ்சம் நீளத்தான் செய்யும். நடுத்தரத்துக்கும் பெரியதுக்கும் இடைப்பட்ட நீளத்தில் நிறுத்தச் சொல்வேன்.

புதிய வாள் செய்யச் சொல்கிறவருக்கு வேறு யோசனை. ஜப்பானில் உரிமம் பெற்ற கொல்லர் மாதத்துக்கு இரண்டு நெடிய வாள்தான் செய்யலாம் என்பது சட்டம். அவருடைய நேரம் அருமையானது. அவரிடம் போய் முனை இத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லாதீர்கள். காமகுராவின் கடைசியா, நான்போகுச்சோவா, கான்புனா என்று காலத்தைச் சொல்லுங்கள். உடலும் வளைவும் முனையும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும்.

பழைய வாள் வாங்குகிறவர் முனையின் அளவைக் கடைசியில் வைக்கட்டும். முழுசாக இருக்கும் போஷியோடு, எடோ காலத்து நடுத்தர முனை ஒன்று, தேய்ந்த போஷியோடு இருக்கும் நான்போகுச்சோ பெரிய முனையைவிட நல்ல முதலீடு. 1948இல் தொடங்கிய ஜப்பானிய வாள் பாதுகாப்புச் சங்கம் தரும் ஹோசோன் (பாதுகாக்கத் தக்கது), தோகுபெத்சு ஹோசோன் (சிறப்பாகப் பாதுகாக்கத் தக்கது) சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் சான்றிதழ் எழுதிய நாளுக்குப் பிறகு முனை தட்டியிருக்கலாம் என்பதால், இன்றைய படத்தைக் கேட்டு வாங்குங்கள். டோக்கியோ போகிறவர்கள் ரியோகோகுவில் அந்தச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் அரை நாள் நின்று வெறும் முனைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால், அப்புறம் விற்பனைப் படங்கள் வேறு மாதிரி தெரியும்.

வாங்கிய பிறகு கொண்டுவருவது தனி வேலை. ஜப்பானில் 15 செ.மீ.க்கு மேல் வாய் உள்ள வாள் ஒவ்வொன்றுக்கும் பதிவு அட்டை இருக்க வேண்டும். நாட்டை விட்டு வெளியே போக கலாசார முகமையின் சான்று வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வாள் ஆயுதம்தான். வெளியிலிருந்து கொண்டுவர உரிமம் தேவை. பணம் அனுப்புவதற்கு முன்பே உங்கள் மாவட்டத்தில் உரிமம் தரும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கூர் இல்லாத பயிற்சி வாள் என்றாலும் சுங்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். கலவை உலோகம், கூர் வைக்க முடியாதது என்று தயாரிப்பாளர் எழுதிக்கொடுத்த தாள் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் ஒன்றை வெளியிலும் வைக்கச் சொல்லுங்கள்.